குளக்கரைச் சித்திரங்கள்

குற்றாலம் என்றதும் பேரருவியும் எண்ணெய்க் குளியலும் சாரல் காற்றும்தான் நினைவுக்கு வரும். அருவிக்குப் பக்கத்திலேயே இருந்தும் பலர் பார்க்காமல் திரும்பிவிடும் ஓர் இடம் உண்டு. இன்று அங்கே போவோம்.

பேரருவியில் தண்ணீர் குறைந்த நாளில் பாறையை நிமிர்ந்து பாருங்கள். அதில் செதுக்கிய சிவலிங்கங்கள் தெரியும். குற்றாலநாதர் கோயிலைத் தாண்டிச் சற்று நடந்தால் ஒரு தெப்பக்குளம். அதன் கரையில் சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் இங்கே அவர் ஆடுவது சுவரோவியமாக. மார்கழித் திருவாதிரையில் தாண்டவ தீபாராதனை இந்தச் சபையில்தான். உள்ளே நுழைந்ததும் அவசரப்படாமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, நான்கு புறமும் திருவிளையாடல் காட்சிகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வரும்.

சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டிய சித்திரத்துக்கு ஈரம்தான் முதல் எதிரி. அடியிலிருந்து சுவர் நீரை உறிஞ்சும். அது உலரும்போது உப்புப் பூத்து, வண்ணத்தைச் செதில் செதிலாக வெளியே தள்ளும். குற்றாலத்திலோ ஆனி, ஆடி முழுக்கக் காற்றிலேயே ஈரம். ஆகவே குளத்தைக் கவனிக்காமல் ஓவியத்தைக் காப்பாற்ற முடியாது. தண்ணீர் வரும் வழி, உபரி வெளியேறும் வழி, கூரையின் ஒழுகல், படிக்கட்டு இடுக்கில் வேர்விடும் அரசங்கன்று, இவற்றைப் பார்ப்பதும் ஓவியப் பாதுகாப்பு வேலைதான். அந்த வேலையை ஆண்டுதோறும் செய்தாக வேண்டும்.

தண்ணீருக்குப் பழமையைப் பறிகொடுத்த இடமும் உண்டு. 1955இல் முடிந்த பவானிசாகர் அணைக்குள் டணாய்க்கன் கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. நீர்மட்டம் வெகுவாக இறங்கினால் அங்குள்ள மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். மழை வந்தால் மறுபடி உள்ளே போய்விடும். நனைந்தும் காய்ந்தும் அந்தக் கட்டடம் தேய்கிறது. அங்கே பாசனத்துக்காக ஒரு கோட்டையையே விட்டுக்கொடுத்தோம். குற்றாலத்தில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காப்பாற்றும் வேலையின் அருமையை அறிந்த ஓர் அரசனின் ஊர், குற்றாலத்துக்கு அருகிலுள்ள தென்காசி. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அங்கே கல்லில் ஒரு விண்ணப்பத்தை வெட்டி வைத்திருக்கிறான். பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்து, அதை யார் சரிசெய்தாலும் அவர்களைப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. முகம் தெரியாதவர்களை ஓர் அரசன் வணங்கியிருக்கிறான்! அந்தக் கோயிலில் நெடுங்காலம் மொட்டையாக நின்ற ராஜகோபுரம் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது.

நேயர்களே, இந்தச் சீசனில் குற்றாலம் போனால் சித்திர சபைக்கும் போங்கள். அருவியில் குளித்த ஈரத்துணியோடு போகாதீர்கள். சுவரில் சாயாதீர்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். எங்காவது ஒழுகலோ சாந்து உதிர்வதோ கண்ணில் பட்டால், கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள்.