நீர்க்கடுப்பு சூட்டினால் வருவதா?

ஓசூர்ப் பக்கத்தில் ஒரே தெருவில் மூன்று மொழிகள் புழங்குகின்றன. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டால் தமிழர் "சூடு பிடித்துக்கொண்டது" என்பர். தெலுங்கர் "வேடி" என்பர். கன்னடியர் "உஷ்ண" என்பர். மொழி மூன்றாயினும் கற்பிக்கும் காரணம் ஒன்றே. வெயிலில் நீர் வற்றி இலேசாகக் கடுப்பது உண்டுதான். தண்ணீர் குடித்ததும் அது தணிந்துவிடும். தணியாமல் நீடிப்பது பெரும்பாலும் கிருமியின் வேலை.

1885-ஆம் ஆண்டில் எஷ்ஷரிக் என்னும் மருத்துவர் விவரித்த குடல் நுண்ணுயிரே இதில் முதற்குற்றவாளி. குடலில் அது பெரும்பாலும் சாது. சிறுநீர்த் தாரை வழியே மேலேறிப் பையை அடைந்தால் பொல்லாதது. அத்தாரை பெண்களுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், ஆண்களுக்கோ 20. பெண்களை இந்நோய் மிகுதியாகப் பற்றுவது இதனாலேயே. நீரிழிவு, கல்லடைப்பு, முதிய ஆடவரின் புராஸ்டேட் வீக்கம் ஆகியவையும் அதற்கு இடங்கொடுக்கும்.

விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் பெண்களில் என் பழைய மாணவியர் பலர். வேலையிடையே எழுந்து செல்ல மேற்பார்வையாளரின் முகம் பார்க்கவேண்டியிருப்பதால், காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிருமியை அடித்துச் செல்ல இயற்கை வகுத்த வழியே அடிக்கடி நீர் கழிப்பது. அதை அடைத்தால், தேங்கிய குட்டையில் பாசி படர்வதுபோல் கிருமி பெருகும். இந்நோய் திரும்பத் திரும்ப வந்த, நீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. நாள்தோறும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு நோய் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. குடிநீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. கட்டிய கழிப்பிடத்துக்குப் போக நேரம் தராவிட்டால் அது யாருக்காக?

நோயை அறிவது எளிது. முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைத் தூய குப்பியில் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் சோதனைக்குக் கொடுக்கவேண்டும். சீழணுக்கள் உடனே தெரியும். கிருமியை வளர்த்து, எம்மருந்துக்கு அடங்கும் என்று காண இரண்டு மூன்று நாளாகும். அண்டைவீட்டார் மீத்த மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோதனைக்குப் போனால் கிருமி அதில் அகப்படாமலே போகலாம். குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் கண்டால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவமனை செல்க. கருவுற்றவர்களுக்கு எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கக்கூடும். ஆதலால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கும் சிறுநீர்ச் சோதனையை அவர்கள் தட்டிக்கழிக்கலாகாது.