திரையை யார் மாற்றுவது?



மளிகைச் செயலியில் 2 கிலோ துவரம்பருப்பைக் கூடையில் போடுகிறீர்கள். மேலே கூடைப் படத்தின் எண் ஏறுகிறது, கீழே மொத்தத் தொகை கூடுகிறது, ‘சேர்’ பொத்தான் இருந்த இடத்தில் கூட்டல், கழித்தல் குறிகள் வருகின்றன. தொட்டது ஒரு இடம், மாறியது மூன்று இடம்.

இந்த மூன்றையும் தனித்தனியே மாற்றும்படி நிரல் எழுதுவதுதான் பழைய வழக்கம். பொருளை நீக்கும்போது ஒன்றை மறந்தாலும் போச்சு: கூடை காலி, மேலே எண் மட்டும் அப்படியே நிற்கும். ஃபேஸ்புக்கிலேயே ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இருந்தது. புதுச் செய்தி வந்திருப்பதாக எண் காட்டும். திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

அதே நிறுவனம் 2013-ல் வெளியிட்ட ரியாக்ட் என்ற நிரல் நூலகம் வேறு வழியைப் பரவலாக்கியது. கைப்பேசியில் கூகுளின் ஃபிளட்டர், ஆப்பிளின் ஸ்விஃப்ட்யுஐ, ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸ் ஆகிய கட்டமைப்புகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். கூடையில் இன்னது இருந்தால் திரை இப்படி இருக்கும் என்று மட்டும் நிரலர் எழுதுகிறார். தரவு மாறியதும் பழைய வரைவையும் புதியதையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடத்தை மாற்றுவது கட்டமைப்பின் வேலை. திரை ஒரு வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிவினாடி. அதற்குள் இத்தனையும் முடிந்துவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

புதிதாகக் கற்பவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஃபிளட்டரில் பட்டியலின் ஒவ்வொரு வரியும் தன் எண்ணிக்கையைத் தானே வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். முதல் வரி பருப்பு 2 கிலோ, அடுத்தது அரிசி 5 கிலோ. பருப்பை நீக்கினால், அரிசிக்கு நேரே 2 என்று வந்து நிற்கும்! ஃபிளட்டர் வரிகளை அவை இருக்கும் இடத்தையும் வகையையும் பார்த்தே அடையாளம் காண்கிறது. முதல் இடத்தில் இருந்த 2 அங்கேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் ‘கீ’ என்ற அடையாளம் கொடுத்தால் இது சரியாகிவிடும்.

ஆனாலும் அந்த எண்ணிக்கையை வரியிடம் விடாமல், கூடையின் தரவிலேயே வைக்கச் சொல்வேன். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள தொகையும் அங்கிருந்துதானே வருகின்றன?