பொய்ப் பதிவேடு



பல ஆண்டுகளுக்கு முன், கடலூரில் நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளிக்கு ஒரு நாள் நண்பகலில் ஒரு தாய் ஓடி வந்தார். தேவனாம்பட்டினத்துக்காரர், மீன் கூடையை இறக்கி வைத்த இடத்திலேயே விட்டு வந்திருந்தார். “ஐயா, எம் பையன் பள்ளிக்கூடம் வரலையாமே, செல்லுல சேதி வந்துச்சே” என்று கேட்கும்போது அவர் குரல் நடுங்கியது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட கடற்கரை ஊர் அது. பிள்ளை எங்கே என்று அறியாத அரை மணி நேரம் அத்தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பையனோ ஏழாம் வகுப்பில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். வருகைப் பதிவுக்கென்று புதிதாக ஒரு வலைச் செயலி எழுதப்பட்டிருந்தது. அது சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக, உண்மையான பதிவேட்டிலேயே சில பெயர்களுக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்துப் பார்த்தார்கள். செயலி பிழையின்றி இயங்கிற்று. பெற்றோர்க்குச் செய்தியும் பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது. “பார்க்கலாமே” என்று இசைவு தந்தவன் நான்தான்.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள், சிதம்பரத்தில் வீட்டிலிருந்தே கணினிப் பணி செய்யும் பழைய மாணவர் ஒருவரைக் காணச் சென்றேன். பேச்சுவாக்கில் இக்கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஐயா, செயலியைச் சோதிக்கப் பதிவேடே வேண்டியதில்லையே! பொய்ப் பதிவேடு போதுமே” என்றார். அன்று அவர் எனக்குச் சொல்லித் தந்ததையே இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

வலைச் செயலியில் கன்ட்ரோலர் என்று ஒரு பகுதி உண்டு. நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக், 1979-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது வகுத்த அமைப்பிலிருந்து வந்த பெயர் அது. பள்ளி அலுவலகத்தின் சன்னலருகே அமர்ந்திருக்கும் எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை வாங்குவார், முறையானதா என்று பார்ப்பார், உள்ளே பதிவறைக் காப்பாளரிடம் கேட்பார், விடையைச் சன்னல் வழியே நீட்டுவார். அவர்தாம் கன்ட்ரோலர். பதிவறை என்பது தரவுத்தளம். இடையில் நிற்கும் காப்பாளரை மைக்ரோசாப்ட் கருவிகளில் எழுதுவோர் ‘காண்டெக்ஸ்ட்’ என்பார்கள்.

நாம் அறிய விரும்புவது எழுத்தரின் திறமையை மட்டுமே. அதற்குப் பதிவறையைத் திறப்பானேன்? மூன்றே பெயர்கள் எழுதிய ஒரு துண்டுத்தாளைக் கையில் கொடுத்து, வேறொருவரைக் காப்பாளர் இடத்தில் உட்கார வைக்கலாம். உள்ள எண்ணைக் கேட்டால் எழுத்தர் உரிய பெயரைத் தருகிறாரா? இல்லாத எண்ணைக் கேட்டால், விழிக்காமல் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்கிறாரா? நூற்றுக்கு நூற்றிருபது மதிப்பெண் என்று எழுதி வந்த தாளைத் திருப்பி அனுப்புகிறாரா? இந்த மூன்றாவதில் ஒரு நயம் உண்டு. ‘பதிவு செய்’ என்று தம்மிடம் எத்தனை முறை சொல்லப்பட்டது என்பதை அப்பொய்க் காப்பாளர் எண்ணிக்கொண்டே இருப்பார். தவறான தாள் வந்தபோது அவ்வெண்ணிக்கை சுழியாக இருத்தல் வேண்டும். ஒன்றாக இருந்தால் எழுத்தர் தோற்றார்.

திரைப்படத்தில் நாயகனுக்காக மாடியிலிருந்து குதிப்பவரை நாம் ‘டூப்’ என்கிறோம் அல்லவா? ஜெரார்டு மெசாரோஸ் என்பவர் 2007-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய மாற்றாள்களுக்கு இட்ட பொதுப் பெயரும் அந்தத் திரைத்தொழிலிலிருந்து எடுத்ததே.

ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. எழுத்தர் தாமே ஒரு காப்பாளரைப் பிடித்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்பவராயின், நாம் மாற்றாளை உட்கார வைக்க இயலாது. காலையில் நாம் யாரைக் கொடுக்கிறோமோ அவரோடு பணி செய்பவராக அவர் இருத்தல் வேண்டும். செயலியிலும் இப்படியே. கன்ட்ரோலர் தன் உள்ளேயே காண்டெக்ஸ்டைப் படைத்துக்கொள்ளாமல், வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளுமாறு எழுத வேண்டும். எங்கள் பள்ளிச் செயலியில் அந்த வாயில் அடைபட்டிருந்ததாம். பின்னாளில் அதைப் பார்த்த என் மாணவர் சொன்னார்.

உண்மைப் பெட்டியிலேயே சோதிக்க வேண்டிய இடமும் உண்டு. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நான் பல தேர்தல்களில் பணியாற்றியிருக்கிறேன். வாக்குப்பதிவு தொடங்குமுன், முகவர்கள் கண்முன்னே குறைந்தது 50 வாக்குகளை இட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். எண்ணிக் காட்டிய பின் அவற்றை அழித்துவிட்டே பொறிக்கு முத்திரை இட வேண்டும். அழிக்கும் பொத்தானை அழுத்தியபின்னும் என் கை ஒருமுறை மீண்டும் அதன்மேல் போகும். அச்சம் வீணன்று. 2019-இல் கேரளத்துக் களமசேரியில் ஒரு சாவடியில் அவ்வாக்குகள் அழிக்கப்படாமல் போனதால், மறு வாக்குப்பதிவே நடத்த வேண்டியதாயிற்று.

இனி, பொய்ப் பதிவேட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நான் சிதம்பரத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று இருந்தது. 1963-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய முறை. சில நிமிடங்கள், ஒரே ஒரு கற்பிக்கும் திறன், எதிரே மாணவர்களாக நடிக்கும் உடன் பயிற்சியாளர் சிலர். வினாத் தொடுக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான், ஐயமில்லை. ஆனால் அந்தப் பொய் மாணவர் எவரும் சன்னல் வழியே இரயிலை வேடிக்கை பார்த்ததில்லை. மெய்யான வகுப்பில் முதல் நாளே பார்த்தார்கள்!

நினைவகத்தில் வைத்த பட்டியலும் அப்படிப்பட்ட நல்ல பிள்ளைதான். ஒரே பதிவெண்ணை இருவருக்குக் கொடுத்தாலும் வாய் திறவாது ஏற்றுக்கொள்ளும். மெய்யான தரவுத்தளம், அவ்வாறு விதித்திருந்தால், மறுத்துவிடும். ஆங்கிலத்தில் பேரெழுத்தில் எழுதிய பெயரையும் சிற்றெழுத்தில் எழுதிய அதே பெயரையும் பட்டியல் வெவ்வேறாகக் கொள்ளும். எஸ்கியூஎல் சர்வர் வழக்கமான அமைப்பில் ஒன்றாகவே கொள்ளும். ஆகவே, எழுத்தரைச் சோதிக்கப் பொய்க் காப்பாளர் தக்கவர்; காப்பாளரையே சோதிக்க வேண்டுமெனில், மெய்யான தரவுத்தளத்தின் தனிப்படி ஒன்றை, யாருடைய கைபேசி எண்ணும் இல்லாததாக, அமைத்துக்கொள்ள வேண்டும். முன்னது கண் இமைக்கும் நேரத்தில் முடியும். பின்னது சற்றுக் காத்திருக்க வைக்கும், காத்திருக்கத்தான் வேண்டும்.

அன்று மாலை கடலூர்ப் பேருந்துக்கு நான் எழுந்தபோது, தம் சோதனைகளை ஒருமுறை ஓட்டிக் காட்டினார். திரை முழுதும் பச்சைக் குறிகள். பொய்ப் பதிவேட்டின் மூன்று பெயர்களையும் காட்டச் சொன்னேன். சற்றுத் தயங்கிக் காட்டினார். மூன்றாவது பெயர் என்னுடையது. நேரே ‘வரவில்லை’ என்று இருந்தது.