வாய் திறவாதவர்களும் குதிரையும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வேதத்திலே குதிரை என்றால் பெரும்பாலும் யுத்தந்தான். சங்கீதக்காரனும் அதை நம்பியிருக்க வேண்டாம் என்கிறான். மனநோய்க்குக் குதிரையைக் கொண்டு சிகிச்சை நடக்கிறது என்று நான் சொன்னால், "ஐயா, இது பணக்காரர் விளையாட்டல்லவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பிராணிகளைக் கொண்டு மனதைத் தேற்றுவது புதிதல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் சபையார் 1796-இல் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்த காலம் அது. இவர்களோ முற்றங்களில் முயல்களையும் கோழிகளையும் விட்டு, நோயாளிகளை அவற்றோடு பழகவிட்டார்கள். இரக்கமும் பிறரோடு சேரும் மனமும் அதனால் எழும்புகிறதென்று சாமுவேல் டியூக் 1813-இல் எழுதினார்.

குதிரையிடம் வேறொரு விசேஷம் உண்டு. ஓநாய்க்கும் சிங்கத்துக்கும் தப்பிப் பிழைக்கவேண்டிய பிராணியாதலால், கிட்டே வருகிறவனுடைய தோள் விறைத்திருக்கிறதா, நடை பதறுகிறதா என்று கவனித்துக்கொண்டேயிருக்கும். ஒருவன் பதற்றத்தோடு வந்தால் விலகிப்போகும். அவன் மூச்சை ஆற்றிக்கொண்டு அமைதியாய் நின்றால் மெல்ல நெருங்கும். யாரும் புத்திமதி சொல்லாமலே அவன் தன் உள்நிலையைக் கண்டுகொள்கிறான். இதிலே சவாரி அநேகமாய்க் கிடையாது. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்துவது, உடம்பைத் தேய்த்துவிடுவது, குளம்பைத் தூக்கிச் சுத்தம்பண்ணுவது, இவ்வளவுதான். ஆனால் 500 கிலோ எடையுள்ள மிருகம் தன் காலை நம் கையில் கொடுப்பது லேசான காரியமா!

அமெரிக்காவில், யுத்தத்திலிருந்து திரும்பிய சேவகர் பலர் இரவெல்லாம் திடுக்கிட்டு விழிக்கிறார்கள்; ஆலோசகர் முன் உட்கார்ந்தாலும் வாய் திறப்பதில்லை. அப்படிப்பட்ட 63 பேரைக் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் சிறு குழுக்களாக, வாரம் ஒருமுறை 90 நிமிடம், 8 வாரம் குதிரைகளோடு பழகவைத்தார்கள். 2021-இல் முடிவு வெளியானது. ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் குறிப்பிடத்தக்க சுகம். மூன்று மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. பாதியில் விட்டுப்போனவர்கள் வெகு சிலரே. பேச அழைத்தால் ஒளிந்துகொள்கிறவர்கள் தொழுவத்துக்குத் தவறாமல் வந்தார்கள் என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆனாலும் உற்சாகத்தில் உண்மையை மிஞ்சிப் பேசக்கூடாது. அந்த ஆய்வில், குதிரையோடு பழகாத வேறொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. குதிரை இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து. குதிரையை வளர்ப்பதும் சொற்பச் செலவல்ல; கொள்ளு, புல், லாடம், மிருக வைத்தியர் என்று ஒருநாளும் ஓயாது. அதற்கும் களைப்புண்டு, ஓய்வு வேண்டும்.

இப்படிப்பட்ட ஊழியத்துக்கு யாராவது உங்களிடம் காணிக்கை கேட்டால், குதிரையின் படத்தைப் பார்த்து மனமிளகுமுன் ஒன்றை விசாரியுங்கள்: மனநோய்ச் சிகிச்சையில் முறையாகப் பயின்ற ஒருவர் குதிரைக்காரரோடு கூடவே அந்த மைதானத்தில் நிற்கிறாரா? நிற்கிறார் என்றால் தாராளமாய்க் கொடுங்கள். இல்லையென்றால், அங்கே இருப்பது வேலிபோட்ட நிலமும் ஒரு குதிரையுந்தான்.