தனித் தொகுதி வேண்டாம் என்றவர்கள்



தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் போதும், கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புது முகங்கள் வரத் தொடங்கும். வேட்பாளர் முன்வரிசையில் உட்காருவார். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஆராதனையை ஓட்டிவிடுவார். முடிந்ததும் குருவானவருக்கு ஒரு சால்வை, ‘எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா’ என்று ஒரு வேண்டுகோள். எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிறார்கள். குருவானவரும் எல்லாருக்காகவும் ஜெபிக்கிறார். அதுவரை சரிதான். அதற்குப் பிறகு கோயில் வளாகத்து வேப்பமர நிழலில் சபைப் பெரியவர்கள் நாலு பேர் நின்று பேசுகிற பேச்சில்தான் வினை. ‘எங்க சபையில இத்தனை ஓட்டு இருக்கு. கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தந்துருவீங்களா?’

இது ஒரு ரகம். இன்னொரு ரகம் உண்டு. ‘அரசியல் சாக்கடை, விசுவாசிக்கு அது ஆகாது’ என்று ஒதுங்கிக்கொள்பவர்கள். இவர்களில் சிலரைச் சபை நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் திருமண்டலத் தேர்தல் நேரத்தில் பார்க்க வேண்டும். அணி, எதிரணி, வேன், விருந்து, நோட்டீஸ், கடைசியில் கோர்ட்டில் ஸ்டே! சட்டமன்றத்துக்கு நிற்கிறவர்கள் வந்து இவர்களிடம் டியூஷன் படிக்கலாம்.

ஓட்டை மொத்தமாக விலை பேசுவதும், ஒதுங்கிப் போவதும்தான் கிறிஸ்தவர்களுக்கு இருக்கிற வழிகளா? கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. அதுவும் நம் சென்னை மாகாணத்துக் கிறிஸ்தவர்கள் நடுவிலேயே.

1930இல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது, இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போனவர் சேலத்துக்காரரான கே.டி. பால். ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். கிராமப்புற மறுசீரமைப்புக்காக உழைத்தவர். அந்த மாநாட்டில் சிறுபான்மையினர் பலரும் தங்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனி வாக்காளர் தொகுதி என்றால், கிறிஸ்தவ வேட்பாளருக்குக் கிறிஸ்தவர் மட்டும்தான் ஓட்டுப்போட முடியும். கே.டி. பால் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டே அவர் காலமாகிவிட்டார்.

அடுத்த மாநாட்டுக்கு இரண்டு கிறிஸ்தவர்கள் போனார்கள். ஒருவர் எஸ்.கே. தத்தா, இன்னொருவர் தஞ்சாவூர் ஏ.டி. பன்னீர்செல்வம். தத்தா கே.டி. பாலின் வழி. பன்னீர்செல்வமோ நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர். 1931 நவம்பரில் ஆகா கான், அம்பேத்கர் ஆகியோரோடு சேர்ந்து, தனித் தொகுதி கோரிய சிறுபான்மையினர் உடன்படிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டார். அவரைச் சுயநலக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பான்மையின் கையில் மொத்த அதிகாரமும் போனால் சின்னச் சமூகங்களின் குரல் எடுபடாது என்ற அச்சம் அன்று பலருக்கும் இருந்தது. அது ஆதாரமில்லாத அச்சமும் அல்ல.

கடைசியில் பன்னீர்செல்வம் கேட்டதுதான் கிடைத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு. எட்டுப் பேரைச் சட்டசபைக்கு அனுப்பியாயிற்று. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பொதுத் தொகுதியில் நிற்கிறவருக்குக் கிறிஸ்தவத் தெருவில் ஓட்டே கிடையாது. அவர் ஏன் அந்தத் தெருவுக்குள் வரப்போகிறார்? கிறிஸ்தவத் தொகுதி உறுப்பினருக்குப் பக்கத்துத் தெரு இந்து விவசாயியின் கண்மாய்த் தகராறு எதற்கு? ஒரே ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தேவையில்லாதவர்களாகப் போகிறார்கள். என் கணக்கில், அந்த ஏற்பாட்டின் பெரிய கேடு இதுதான்.

பதினாலு வருஷம் கழித்து அரசியல் நிர்ணய சபையில் காட்சி மாறிவிட்டது. சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவர் எச்.சி. முகர்ஜி, வங்காளத்துக் கிறிஸ்தவர், கல்கத்தாவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். சென்னையிலிருந்து போன உறுப்பினர்களில் ஒருவர் லயோலா கல்லூரி முதல்வராக இருந்த யேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா. 1947இல் தனி வாக்காளர் தொகுதிகள் கைவிடப்பட்டன. 1949 மே மாதம், சட்டமன்றங்களில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் வேண்டாம் என்ற தீர்மானத்தை ஆலோசனைக் குழுவில் கொண்டுவந்தவரே முகர்ஜிதான். டிசூசாவும் ஆதரித்தார்.

இதற்கு நடுவில், 1948 டிசம்பரில், மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சட்டத்தில் இருக்க வேண்டுமா என்ற விவாதம் சபையில் சூடு பிடித்தது. எடுத்துவிட வேண்டும் என்று சிலர் பேசினார்கள். இருக்கட்டும் என்று எழுந்து பேசியவர்களில் கே.எம். முன்ஷி இருந்தார். நம் பக்கத்திலிருந்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி, கே. சந்தானம், எல். கிருஷ்ணசாமி பாரதி இருந்தார்கள். எவரும் கிறிஸ்தவர் இல்லை. எட்டு இடம் வாங்கித் தராத பாதுகாப்பை அந்தப் பேச்சுகள் வாங்கித் தந்தன. இன்றுவரை நிற்கிற பாதுகாப்பு அது.

இனி ஜார்ஜ் ஜோசப்பைப் பற்றிச் சொல்கிறேன். இன்றைய உரையைத் தயாரிக்க உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

1887இல் திருவிதாங்கூரின் செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவர். சென்னையிலும் எடின்பரோவிலும் படித்து, லண்டனில் பாரிஸ்டர் ஆகி, மதுரைக்கு வந்து வக்கீல் தொழில் நடத்தினார். மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். உசிலம்பட்டி வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்கள் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்தது அந்தக் காலத்தில்தான். பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு சமூகத்தையே பதிவேட்டில் ஏற்றுகிற சட்டம். வயசுக்கு வந்த ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரியானால் போலீஸ் கண்ணெதிரே வந்து படுக்க வேண்டும். வெளியூர் போவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மாப்பிள்ளைக்கும் இதே கதிதான். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள்.

அந்த மக்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர் ஜார்ஜ் ஜோசப். அவருடைய சபையில் ஓட்டு எண்ணிப் பார்த்திருந்தால் அங்கே போயிருக்க மாட்டார். கள்ளர் நாட்டில் அவருக்கு என்ன ஓட்டு? அவர்கள் அவருக்கு வைத்த பேர் ரோசாப்பூ துரை. கோட்டில் ரோஜா செருகியிருப்பார், அதனால் அந்தப் பேர் என்று சொல்வார்கள். குழந்தைகளுக்கும் அந்தப் பேரை வைத்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947இல்தான். அவர் 1938லேயே இறந்துபோனார்.

1924இல் திருவிதாங்கூரின் வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில் ஈழவர், புலையர் நடக்கக் கூடாது என்று தடை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் நடக்கலாம்! ஆக, தான் தாராளமாக நடக்கக்கூடிய சாலையில் இன்னொருவன் நடப்பதற்காக ஜெயிலுக்குப் போகத் தயாரானார் ஜார்ஜ் ஜோசப். அப்போது காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் போராட்டத்தை இந்துக்களிடம் விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்குப் பரிகாரம் செய்ய வேண்டியவர்களும் அவர்களே என்பது காந்தியின் வாதம். அதற்கும் ஒரு நேர்மை உண்டு. ஆனால் சாலை எந்த மதத்துக்குச் சொந்தம்? ஜார்ஜ் ஜோசப் ஒதுங்கவில்லை. கைதாகிச் சிறைக்குப் போனார். காந்தியிடம் பெருமதிப்பு வைத்திருந்த, அவருடைய ‘யங் இந்தியா’வுக்கே ஆசிரியராக இருந்த மனிதர் அவர். இந்த இடத்தில் நான் ஜார்ஜ் ஜோசப் கட்சி.

அந்தக் காலத்துத் திருச்சபை எந்தப் பக்கம் இருந்தது என்று நேயர்கள் கேட்கலாம். பெருமைப்பட அதிகமில்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியப் பொருளாதார அறிஞர், 1930 உப்புச் சத்தியாகிரகத்தின்போது கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் வெஸ்ட்கட்டோடு கடிதத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அமைதியாக நின்ற தொண்டர்கள் மேல் தடியடி நடக்கிறது, சபை ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவர் கேள்வி. ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற வேத பகுதி மட்டும் பிரசங்க பீடத்திலிருந்து அடிக்கடி வாசிக்கப்பட்ட காலம் அது.

பவுல் அப்படி எழுதியது உண்மை. ஆனால் அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில் என்ன செய்தார்? விசாரணையே இல்லாமல் அவரையும் சீலாவையும் அடித்து, காவலில் வைத்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். காலையில் ‘போகலாம்’ என்று ஆள் வந்து சொல்கிறான். வேறொருவராக இருந்தால் விட்டால் போதுமென்று கிளம்பியிருப்பார். பவுல் நகரவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், ஊரறிய அடித்துவிட்டு ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அதிகாரிகள் தாங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். வந்தார்கள். பணிவு வேறு, உரிமையைக் கேட்பது வேறு என்று தெரிந்த மனிதர்.

பவுலை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1949இல் முகர்ஜியும் டிசூசாவும் விட்டுக்கொடுத்ததை நான் மெச்சினேன். ஆனால் மறு ஆண்டு வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வெளியேதான். சட்டசபை இடங்கள் போனதால் பேராசிரியருக்கும் கல்லூரி முதல்வருக்கும் ஒன்றும் குறையவில்லை. இந்த ஆணையால் சேரியில் இருந்த கிறிஸ்தவருக்கு வேலை ஒதுக்கீடு, ரிசர்வ் தொகுதி, பின்னால் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாமே எட்டாமல் போயின. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தெருவில் அவரை நடத்துகிற விதம் அதனால் மாறிவிடவில்லை.

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி. அரசு அந்தத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவத்துக்குள் வந்த பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்று காட்டுவதற்கு ஆதாரம் போதவில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆதாரத்துக்கா பஞ்சம்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவரே எழுப்பி வைத்திருந்தார்களே! அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கப் போகிற ஊர்வலத்தில் முன்னால் நடக்கிறவர்கள் அந்தச் சுவரையும் பற்றிப் பேசினால்தான் மனுவுக்கு எடை கூடும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதக் கட்டுப்பாட்டை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். இந்தக் கோரிக்கையைச் ‘சிறுபான்மையினர் சலுகை’ என்று ஒதுக்குகிறவர்கள் பிலிப்பி சிறைச்சாலைக் கதையை இன்னொரு தடவை படிக்கலாம். இங்கே விட்டுக்கொடுத்தவர் ஒருவர், இழந்தவர் வேறொருவர்.

சரி, குருவானவர் பிரசங்க பீடத்திலிருந்து என்ன சொல்லலாம்? மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படித்தான் என்று 2017 ஜனவரி 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. வழிபாட்டுத் தலத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியும் சொல்கிறது. கட்சிப் பேரைச் சொல்லி ‘இதற்குப் போடுங்கள்’ என்று சுற்றறிக்கை வாசிக்கிறவர், ஜெயித்தவர் நாளைக்கு அநியாயம் செய்தால் எந்த வாயால் கண்டிப்பார்? மணல் கொள்ளை, கையால் மலம் அள்ளும் வேலை, கொத்தடிமை இதையெல்லாம் பற்றிப் பேச எந்தச் சட்டமும் தடை போடவில்லை. பேசினால் சபையிலேயே சில நாற்காலிகள் காலியாகும், அவ்வளவுதான்.

சட்டமன்றத் தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. கிராம சபை வருஷத்தில் பல தடவை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாருக்கும் தெரிந்த தேதிகள். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எவரும் போய் உட்காரலாம், வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம், தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். சபைப் பெரியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போக வேண்டும். கல்லறைச் சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலனித் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று முதலில் கேட்கட்டும்.