விலைப்பட்டியலும் வாய்மை விரதமும்

 

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தாரின் அணுவிரதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து அதிசாரங்களை எடுத்துரைக்கிறது. வாய்மை விரதத்திற்குரிய ஐந்தனுள் ஒன்று கூடலேகக்கிரியை. பொய்யாவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் அரச நெறிக்கு மாறாக நடத்தலும், அளவைகளைக் கூட்டிக் குறைத்தலும் அடங்கும். வணிகர் எழுதித் தரும் வரிப் பட்டியல், இவ்விரு விரதங்களும் ஒருங்கே சோதிக்கப்படும் இடமாகும்.

பொய் எழுதும் எண்ணம் சிறிதும் இல்லாதவர் கையிலும் பட்டியல் பொய்யுரைப்பது உண்டு. கட்டங்கள் முன்னரே அச்சிடப்பட்ட தொடர்தாளை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் இட்டுப் பட்டியல் எடுக்கும் கடைகள் பல. தாளின் நீளம் 12 அங்குலம். கணினியிலோ 11 அங்குலம் என்று குறித்திருப்பர். அங்குலத்திற்கு 6 வரி வீதம் 72 வரிகள் கொள்ளும் தாள், கணினியின் கணக்கில் 66 வரிகளிலேயே முடிந்துவிடும். முதற்பட்டியல் செவ்வையாக அமையும், இரண்டாவதில் எழுத்துகள் ஓரங்குலம் மேலேறும், மூன்றாவதில் ஈரங்குலம். தாள் பக்கவாட்டில் சற்றே விலகினாலோ, மத்திய வரித் தொகை ஒருங்கிணைந்த வரியின் கட்டத்தில் விழும். மாநிலத்திற்குள் நடந்த விற்பனை வெளிமாநில விற்பனையாய்த் தோன்றும். வாங்கியவர் உள்ளீட்டு வரி வரவு கோரும்போது, அவர் கையிலுள்ள பட்டியலும் விற்றவர் தாக்கல் செய்த கணக்கும் ஒவ்வாமற்போகும். பல்லாண்டு பழகிய நம்பிக்கை, அரை அங்குல விலகலால் குலைகிறது.

இதற்கு எளிய வழி சட்டத்திலேயே உள்ளது. மத்திய விற்பனை வரிக் காலத்தில் 'சி' படிவத்தைத் துறையிடமிருந்து பெற்றே எழுத வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி விதிகளில் 46ஆம் விதி, பட்டியலில் இடம்பெற வேண்டிய விவரங்களைக் கூறுகிறதேயன்றிக் கட்டங்களின் அமைப்பைக் கட்டாயமாக்கவில்லை. பட்டியலின் தொடரெண் 16 எழுத்துகளுக்கு மிகலாகாது. சரக்கு விற்பனைக்கு மூன்று படிகள் வேண்டும்: மூலப்படி பெறுநருக்கு, இரண்டாம் படி சரக்கைக் கொண்டு செல்பவருக்கு, மூன்றாம் படி விற்பவருக்கு. ஆதலின், வெற்றுத் தாளில் கட்டத்தையும் எண்ணையும் கணினியே ஒருசேர அச்சிடுமாறு செய்துவிட்டால், எண் கட்டம் தவறுவதற்கு இடமே இல்லை.

அச்சிட்ட படிவம் கட்டுக்கட்டாக இருப்பில் உள்ளவர் அதை வீணாக்க வேண்டியதில்லை. தாளை அளவுகோலால் அளந்து, அந்த நீளத்தையே கணினியில் குறிக்க வேண்டும். லேசர் அச்சுப்பொறியாயின், பக்கத்திற்கேற்பச் சுருக்கும் தெரிவை நீக்கி, நூறு விழுக்காடு அளவிலேயே அச்சிட வேண்டும். முதலில் வெற்றுத் தாளில் ஒரு படி எடுத்து, அதைப் படிவத்தின்மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் விலகல் தெரிந்துவிடும். தொகைகளை வலப்புறம் ஒழுங்குபட நிறுத்தினால் இலக்கங்கள் இடம் மாறித் தோன்றா.

கவனமின்மையைப் பிரமாதம் என்று நம் ஆகமங்கள் குறிக்கும். பிறருக்கு நேரும் கேட்டிற்குத் தீய எண்ணம் மட்டுமன்று, பிரமாதமும் காரணமாகும் என்பது ஆசாரியர்களின் கருத்து. கணினி அறிந்த இளைஞர்கள், ஒரு மாலைப் பொழுது தந்தையின் கடையில் அமர்ந்து இந்த அளவுகளைச் சரிசெய்து கொடுத்தால், அதுவும் ஒரு விரதக் காப்பே ஆகும்.

அறம் வளர்க!