பாலையில் வீடு தேடுவோர்க்கு



நிலத்தை ஐந்தாக வகுத்த நம் முன்னோர் பாலையை வழிப்போக்கரின் நிலமாகவே கண்டனர். பொருள் தேடிச் செல்லும் தலைவன் அதனைக் கடந்து போவான். ஆறலை கள்வர் அதில் மறைந்திருப்பர். எயினரைத் தவிர, மனையறம் நடத்துதற்குரிய இடமென்று அதனை எவரும் தேர்ந்துகொண்டதாக நம் இலக்கியம் கூறவில்லை. இன்றோ நிலைமை முற்றும் வேறு. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்தில், சொனோராப் பாலைவனத்தின் நடுவே பீனிக்ஸ் என்னும் மாநகரம் பரந்து கிடக்கின்றது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நகரில் வாழ்வோர் 16 இலட்சம் பேர். அயற்பட்டினங்கள் பலவற்றையும் சேர்த்து மரிக்கோபா மாவட்டம் முழுவதிலும் வாழ்வோர் 44 இலட்சம் பேர். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழையோ ஏறத்தாழ 180 மில்லிமீற்றர்தான். யாழ்ப்பாணத்தில் கார்த்திகை மாதம் ஒன்றிலேயே இதனினும் மிகுதியாகப் பெய்துவிடும்.

இத்தகைய நிலத்தில் ஒரு குடும்பம் வீடு வாங்கப் புறப்படுமாயின், எந்த அயலைத் தெரிவுசெய்ய வேண்டும்? எதனை முதலிற் கேட்க வேண்டும்? எதனை நேரிற் பார்த்தறிய வேண்டும்? இவ்வினாக்களையே இன்று ஆராய எண்ணுகின்றேன். ஒருவர் தம் வாழ்நாட் சேமிப்பையும் வருங்கால உழைப்பையும் ஒருங்கே கொடுத்து வாங்கும் பொருள் வீடு. அதன் நன்மையும் தீமையும் நான்கு சுவருக்குள் மட்டும் அடங்கியிருப்பதில்லை. பிற நாடுகளில் மறைந்து நிற்கும் இவ்வுண்மை, பாலைநிலத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிகின்றது.

முதல் வினா தண்ணீரைப் பற்றியது. காணி வாங்கப் போகின்றவர் முதலிற் கிணற்றை எட்டிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாலைநிலத்தில் அவ்வழக்கம் பன்மடங்கு இன்றியமையாததாகின்றது. பீனிக்ஸ் சமவெளிக்குத் தண்ணீர் மூன்று வழிகளால் வருகின்றது. ஒன்று, சோல்ற் ஆறும் அதன் கிளையான வேர்டே ஆறும். ஹோஹோகம் எனப்படும் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவ்வாற்றிலிருந்து கால்வாய்கள் வெட்டிப் பயிர் செய்தனர். அழிந்துபோன அவ்வாய்க்கால்களின் தடத்தின் மேலே புதிய ஊர் எழுந்தமையாலேயே, சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பறவையின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1911இல் முடிவுற்ற ரூஸ்வெல்ற் அணை இவ்வாற்று நீரைத் தேக்கித் தருகின்றது. இரண்டாவது வழி, கொலராடோ ஆற்றிலிருந்து பாலைவனத்தின் குறுக்கே 540 கிலோமீற்றர் தூரம் நீரைக் கொண்டு வரும் பெருங்கால்வாய். இது 1993இல் நிறைவுற்றது. மூன்றாவது, நிலத்தடி நீர்.

இம்மூன்றும் எல்லா அயல்களுக்கும் ஒரே அளவில் கிடைப்பன அல்ல. ஒரே வீதியின் இரு மருங்கிலும் உள்ள வீடுகள் இரு வேறு நீர் உரிமைகளை உடையனவாய் இருத்தல் கூடும். ஆற்றுநீர்த் திட்டத்தின் எல்லைக்குள் அமைந்த பழைய குடியிருப்புகள் சிலவற்றில், இன்றும் முறை வைத்து வாய்க்கால் நீரை வளவுக்குள் பாய்ச்சுகின்றனர். அங்கே தோடை மரங்களும் புற்றரையும் செழித்து நிற்கின்றன. நகரின் விளிம்பிலே புதிதாக எழுந்த குடியிருப்புகளோ பல இடங்களில் நிலத்தடி நீரையே நம்பியவை.

இவ்விடத்தில் ஒரு சட்டத்தைப் பற்றிக் கூறல் வேண்டும். 1980இல் அரிசோனா மாநிலம் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, பீனிக்ஸ் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் நிலத்தை ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளாகப் பிரித்து விற்போர், 100 ஆண்டுகளுக்குப் போதுமான தண்ணீர் உண்டென்று காட்டுதல் வேண்டும். இது வீடு வாங்குவோரைக் காக்கும் நல்ல வேலி. எனினும் அவ்வேலியில் ஒரு பொட்டு உண்டு. நிலத்தை ஐந்து மனைகளாகவோ அதற்குக் குறைவாகவோ பிரிப்போரை இவ்விதி கட்டுப்படுத்தாது.

அந்தப் பொட்டின் விளைவை ரியோ வேர்டே புட்ஹில்ஸ் என்னும் குடியிருப்பு உலகுக்குக் காட்டியது. ஸ்கொட்ஸ்டேல் நகரின் எல்லைக்கு வெளியே, மலையடிவாரத்தில், பரந்த வளவுகளும் அழகிய காட்சிகளும் உடைய இடம் அது. நகர வரி இல்லை; நகர விதிகளும் இல்லை. ஆனால் நகரக் குழாயும் இல்லை. வீட்டுக்காரர் சிலர் கிணறு தோண்டினர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளோ பவுசரில் வரும் தண்ணீரை நிலத்தடித் தொட்டிகளில் நிரப்பி வாழ்ந்தன. அத்தண்ணீர் ஸ்கொட்ஸ்டேல் நகரின் நிரப்பு நிலையத்திலிருந்து எடுக்கப்பட்டது. கொலராடோ ஆற்றில் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பற்றாக்குறை பிரகடனம் செய்யப்பட்டது 2021இல். அவ்வாண்டிலேயே, இனித் தன் எல்லைக்கு வெளியே தண்ணீர் கொண்டுசெல்ல இடமளிக்கப் போவதில்லை என்று நகரம் எச்சரித்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் அவ்வாறே நிறுத்தியும் விட்டது.

அதன் பின் அங்கே நிகழ்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். பவுசர்கள் தொலைதூரங்களுக்குச் சென்று தண்ணீர் தேடின, விலை பன்மடங்காயிற்று. மக்கள் மழைநீரை வாளிகளிற் பிடித்து மலகூடத்துக்குப் பயன்படுத்தினர்; காகிதத் தட்டங்களில் உணவுண்டனர். வீட்டை விற்க எண்ணியோருக்கு வாங்குவோர் அரிதாயினர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் மாநிலச் சட்டசபை தலையிட்டுத் தற்காலிக ஒழுங்கொன்றைச் செய்தது. தனியார் நிறுவனம் ஒன்று நிலையான விநியோகத்தை ஏற்படுத்துவதற்கும் அனுமதி வழங்கப்பட்டது. நகரத்தைக் குறைகூறுவோரும் உளர். எச்சரிக்கையைக் கேளாதிருந்த குடியிருப்பாளரைக் குறைகூறுவோரும் உளர். வீடு தேடுவோர் கற்க வேண்டிய பாடம் வேறு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகின்றதா என்பது போதிய சோதனை அன்று. அத்தண்ணீர் யாருடையது, எந்த உரிமையால் வருகின்றது, அவ்வுரிமை எத்துணைக் காலம் நீடிக்கும் என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். அதே 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பீனிக்ஸ் பகுதியின் நிலத்தடி நீர் அடுத்த நூறாண்டுத் தேவையில் ஏறத்தாழ 4 வீதம் குறைவுபடும் என்று மாநில அரசு கணித்தது. நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதிய குடியிருப்புகளுக்கு மேலும் சான்றிதழ் வழங்குவதில்லை என்றும் அப்போது அறிவித்தது. ஆகவே, வாங்கும் மனை எச்சான்றிதழின் கீழ் அடங்குகின்றது என்பதை விற்பவர் வாயால் மட்டுமன்றிப் பத்திரத்தாலும் அறிதல் வேண்டும்.

தண்ணீர் இல்லாமையைப் பற்றிப் பேசினோம். இனித் தண்ணீர் மிகுவதைப் பற்றிச் சிறிது பேசுவோம். பாலைவனத்தில் வெள்ளமா என்று நீங்கள் வியக்கலாம். ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் இறுதிவரை அங்கே ஒரு பருவக்காற்று வீசுகின்றது. அக்காலத்து இடிமழை, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். வெயிலில் இறுகிய நிலமும், அடியில் சுண்ணாம்பு உறைந்து கல்லாகிய படையும் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணல் மட்டுமே கிடக்கும் ஓடைகளில் திடீரென வெள்ளம் பெருகிக் கார்களையும் இழுத்துச் செல்லும். வெயில் காலத்தில் மனையைப் பார்ப்பவருக்கு, அவ்வோடை பின்வளவின் அழகிய மணற்பாதை போலத் தோன்றும். ஆதலால் மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் வரைபடத்தில் அம்மனை எங்கே இருக்கின்றது என்று பார்த்தல் வேண்டும். அந்நாட்டில் சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளச் சேதத்துக்கு ஈடு தருவதில்லை. அதற்குத் தனிக் காப்புறுதி எடுத்தல் வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

அடுத்தது வெப்பம். 2023ஆம் ஆண்டு கோடையில் பீனிக்ஸ் நகரில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள்கள், வெப்பநிலை 43 பாகை செல்சியசைத் தாண்டியது. அவ்வாண்டில் மரிக்கோபா மாவட்டத்தில் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645 எனப் பதிவாயின. வெயில் எல்லார்க்கும் ஒன்றே, நிழல் அவ்வாறன்று. முதிர்ந்த மரங்கள் நிறைந்த செல்வர் குடியிருப்புக்கும், சீமெந்தும் தாரும் மூடிய ஏழையர் குடியிருப்புக்கும் இடையே, ஒரே மாலைப் பொழுதில் பல பாகை வேறுபாடு காணப்படுகின்றது. பகலெல்லாம் வெப்பத்தை விழுங்கிய வீதிகளும் சுவர்களும் இரவெல்லாம் அதனை உமிழ்கின்றன. உடல் இளைப்பாற வேண்டிய இரவும் இளைப்பாறல் தராதபோதே முதியோரும் நோயாளரும் தளர்ந்து வீழ்கின்றனர். வீட்டினுள்ளே இறந்தோர் பலருடைய இல்லங்களில் குளிரூட்டி இருந்தது. ஆனால் அது பழுதாகிக் கிடந்தது.

ஆகையால், வீடு தேடுவோர் அயலை ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்தலாகாது. குளிர்காலக் காலையிலே பாலைவனம் சொர்க்கம் போலிருக்கும். வீட்டுத் தரகரும் அப்பொழுதே அழைத்துச் செல்ல விரும்புவர். ஜூலை மாதத்து மாலை ஐந்து மணிக்கு அவ்வீதியில் நடந்து பார்த்தல் வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் நிழல் உண்டா? பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளை எங்கே ஒதுங்கும்? பெரிய சன்னல்கள் மேற்குத் திசையை நோக்கியனவா? மேற்கு வெயிலை நேராக வாங்கும் வீட்டில், மின்கட்டணம் மாதந்தோறும் நினைவூட்டும். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி, மேற்கே சன்னல் குறைந்து, கிழக்கிலோ வடக்கிலோ திண்ணை அமைந்த வீடே அங்கே நல்ல வீடு. பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து 330 மீற்றர் உயரத்தில் இருக்க, அதற்குத் தென்கிழக்கே உள்ள ரூசன் நகரம் 700 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அதனால் அங்கே வெயிலின் கொடுமை சற்றே தணிகின்றது.

நிலத்தையும் காற்றையும் பற்றி இரண்டொரு வார்த்தை. பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்தமையால், சில பகுதிகளில் நிலம் தாழ்ந்து நீண்ட வெடிப்புகள் தோன்றியுள்ளன. மாநிலப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றை வரைபடமாக்கி வெளியிட்டுள்ளது. வாங்குமுன் அதனையும் பார்த்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் எழுந்தது போன்ற பெரும் புழுதிப்புயல்கள் நகரையே மூடுவதுண்டு. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை புழுதியோடு நுரையீரலிற் புகுந்து பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்னும் நோயை விளைவிக்கும். எனவே நெஞ்சு நோய் உடையோர், தரிசு வயல்களுக்கும் ஓயாது கட்டிட வேலை நடக்கும் இடங்களுக்கும் அருகே வீடு தேடாதிருத்தல் நலம்.

இறுதியாக, அயல் என்பது மனிதராலும் ஆனது. புதிய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுரிமையாளர் சங்கம் உண்டு. முற்றத்தில் எம்மரம் நடலாம், சுவருக்கு எந்நிறம் பூசலாம் என்பவற்றையும் அச்சங்கமே விதிக்கும். அவ்விதிகளைப் படியாமல் கையொப்பமிடுதல் தகாது. தண்ணீர் வேண்டாத பாலை மரங்களை வரவேற்கும் சங்கம் எது, புற்றரையை வற்புறுத்தும் சங்கம் எது என்பதிலிருந்தே அவ்வயலாரின் முன்னோக்கை அறியலாம். மலிவான வீட்டைத் தேடி நகரிலிருந்து வெகுதூரம் செல்வோர், வேலைக்குப் போய்வரும் செலவையும் நேரத்தையும் அவ்விலையோடு கூட்டிக் கணக்கிடுதல் வேண்டும்.

நல்ல அயல் தானாக அமைவது மட்டுமன்று; ஆக்கவும் படுவது. ரூசன் நகரில் டன்பார் ஸ்பிறிங் என்னும் எளிய குடியிருப்பு உண்டு. 1990களின் பிற்பகுதியில், பிராட் லங்காஸ்டர் என்பவரும் அயலவரும் அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினர். வீதியில் வீணே ஓடிய மழைநீரை, ஓரக்கட்டில் வாய் வெட்டி நடைபாதையோரக் குழிகளுக்குத் திருப்பினர். தொடக்கத்தில் அனுமதியின்றியே செய்யப்பட்ட இவ்வேலையைப் பின்னர் நகர ஆட்சியும் ஏற்றுக்கொண்டது. நம் வன்னி மரத்தின் உறவான மெஸ்கீற் மரங்கள் இன்று அவ்வீதிகளில் நிழல் பரப்புகின்றன. அவற்றின் நெற்றுகளை மாவாக்கி உணவும் செய்கின்றனர்.

ஆகவே, பாலையில் வீடு தேடுவோர் நீரின் உரிமையைப் பத்திரத்திலும், வெள்ளத்தின் வழியை வரைபடத்திலும், நிழலைக் கோடை மாலையிலும், அயலாரின் இயல்பை அவர்தம் விதிகளிலும் பார்த்தறிதல் வேண்டும். வீட்டின் அறைகளையும் அடுக்களையையும் அதன் பின்னர்ப் பார்க்கலாம். அவற்றை வேண்டியவாறு பின்னர் மாற்றியமைத்தலும் கூடும்.